எட்டரை அடி ராடும் வலை பிடிக்கிற ஆளும்

ஏப்ரல் 9
டாமரக், விஸ்கான்சின்

காஸ் அண்ணா,

நீ என் நம்பரை பிளாக் பண்ணி அஞ்சு மாசத்துக்கு மேல ஆச்சு. சரி. ஆனா வாளியை பிளாக் பண்ண முடியாதுல்ல? உங்க கப்பல் டெட்ராய்ட்ல நிக்காமப் போகும்போது தபால் படகு ஒட்டி வரும், கயித்துல வாளியை இறக்கி லெட்டரை மேல இழுப்போம்னு நீதான் சொல்லியிருக்க. அந்த வாளியிலதான் இது வருது. கையெழுத்தைப் பாத்ததும் ஆத்துல வீசிடாத. ரெண்டு பக்கந்தான்.

விஷயத்துக்கு வந்துடறேன். போன அக்டோபர்ல உன் தூண்டில் ராடு ஒடைஞ்சுதுல்ல, அதுக்குப் பதிலா நான் ஒண்ணு தர்றேன். நீ மறுக்கறதுக்கு முன்னாடி முழுசாப் படி.

டெலஸ்கோப் ராடு. மொகத்தைச் சுளிக்காத. சூப்பர் மார்க்கெட்ல தொங்குமே, எட்டு மடிப்பு மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கற மாதிரி ஒரு சமாசாரம், அது இல்ல. அது சின்ன மீனுக்கு. மஸ்கி மாதிரி நாலடி மீன் ஒரு தடவை தலையை ஒதறினா அது பென்சில் மாதிரி ஒடையும். நான் சொல்றது மஸ்கிக்குன்னே செய்யறது. மேல முழுக்க ஒரே துண்டு. அடிப்பக்கம் மட்டும் கைப்பிடிக்குள்ள ஒண்ணேமுக்கால் அடி, ரெண்டு அடி உள்ள போகும். அவ்ளோதான். ஒன்பதடி ராடு ஏழடி ஆயிடும். என் டப்பா கார்ல கண்ணாடியை எறக்கி ராடை வெளிய நீட்டிட்டுப் போனோமே, போஸ்டாபீஸ் முன்னாடி ஒரு ஆள் தொப்பியைத் தட்டிவிட்டோமே, அந்த அவமானம் இனி இல்ல.

நாலு மாசமா இதேதான் படிச்சிட்டிருக்கேன். நாப்பத்தி மூணு வீடியோ பாத்தேன். எல்லா ஆன்லைன் மீன்பிடி மன்றத்துலயும் ஒரே பேச்சு: எவ்ளோ நீளமோ அவ்ளோ நல்லது. படகோரத்துல எட்டு போடும்போது, அதான் இரையை வெளிய எடுக்காம தண்ணிக்குள்ளயே எட்டு மாதிரி சுத்தும்போது, நீளமான ராடுன்னா எட்டு பெருசா வரும், மீன் திரும்ப எடம் கிடைக்கும். அதனால ஒன்பதரை அடி எடுக்கலாம்னு இருக்கேன். கைப்பிடிக்குள்ள போற மூட்டு எடத்தை அப்படியே இழுத்துவிட்டா போதும், தானா இறுகிக்கும். எட்டரை, ஒன்பது, ஒன்பதரை, மூணும் இருக்கு. எது வேணும்னு ஒரு வார்த்தை எழுது.

வலையை எடுக்காம போனை எடுத்தது என் தப்புதான். ஒருத்தருக்கு மீன் மாட்டினா இன்னொருத்தர் எல்லாத்தையும் கீழ போட்டுட்டு வலையை எடுக்கணும். எனக்குத் தெரியும்.

அம்மா உன்னைக் கேட்டாங்க. என்கிட்ட ஏன் கேக்கறாங்கன்னு தெரியல.

டெல்லா

*

ஏப்ரல் 24
ஹார்லன் பீக் கப்பல், சுப்பீரியர் ஏரி

டெல்லா,

கடிதம் கிடைத்தது. ஆற்றில் வீசவில்லை.

நான் இனி மஸ்கி பிடிக்கப் போவதில்லை. எனவே ராடு வேண்டாம்.

ஆனால் நீ எழுதியதில் தவறுகள் இருக்கின்றன. வெர்னாவின் தூண்டில் கடையில் நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருப்பாய் என்பதால் திருத்துகிறேன்.

மூட்டு தானாக இறுகாது. வெளியே இழுத்து, கால் திருகு, அதாவது கால் சுற்று, திருக வேண்டும். திருகிய பிறகு ராடைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, நூல் போகிற வளையங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எட்டு போடும்போது இரை தண்ணீரில் ஒரு பக்கமாக இழுக்கும். ராடு மூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்காவிட்டால், மீன் மாட்டுகிற நேரத்தில் வளையம் பக்கவாட்டில் நிற்கும், நூல் உரசி அறுந்துபோகும். மூட்டில் மெழுகு தேய்க்க வேண்டும். சாதாரண மெழுகுவத்தி போதும். மணல் போகவிடக் கூடாது.

நீளமாக இருந்தால் நல்லது என்று சொல்கிறவர்கள் உயரமான படகில் நின்றுகொண்டு பேசுகிறார்கள். நம் படகு பதினாலு அடி. விளிம்பு முழங்கால் உயரம்கூட இல்லை. ஒன்பதரை அடியை நாள் முழுக்க வீசினால் மணிக்கட்டு போய்விடும். கை வலித்தால் முதலில் விட்டுவிடுவது எட்டு போடுவதைத்தான்.

நலம்.

காஸ்

*

மே 2
டாமரக்

காஸ் அண்ணா,

"நான் இனி மஸ்கி பிடிக்கப் போவதில்லை"ன்னு ஒரு வரி. அதுக்கப்புறம் ஒரு பக்கம் முழுக்க மஸ்கி ராடு. சரிதான்.

உன் லெட்டரை வெர்னாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவங்க இரைக்கு விக்கற மின்னோ மீன் தொட்டியில கையை விட்டுக்கிட்டே கேட்டாங்க.

"உங்கண்ணன் சொல்றது கரெக்டு. நீ போன வாரம் அந்த டாக்டருக்கு என்ன சொன்ன?"

"இழுத்தா தானா இறுகும்னு சொன்னேன்."

"போன் பண்ணு. இப்பவே."

பண்ணேன். டாக்டர் ரொம்ப டீசன்ட். "நல்லவேளை, இன்னும் எதுவும் கடிக்கல"ன்னார். அவருக்கு எப்பவுமே எதுவும் கடிக்கறதில்ல.

நேத்து ஒருத்தர் வந்தார், சிகாகோ. எட்டு மடிப்பு ராடு ஒண்ணைக் கையில எடுத்துக்கிட்டு, "இதுல மஸ்கி பிடிக்கலாமா?"ன்னு கேட்டார்.

"பிடிக்கலாம் சார். ஒரு தடவை."

"அப்புறம்?"

"அப்புறம் ராடு ஏரியில இருக்கும்."

வெர்னா என்னை உள்ள கூப்பிட்டு, "விக்கறதுக்குத்தான் உனக்குச் சம்பளம், பயமுறுத்தறதுக்கு இல்ல"ன்னாங்க. ஆனா சிரிச்சாங்க.

இப்போ முக்கியமான கேள்வி. ஒன்பதரை வேணாம், ஒத்துக்கறேன். ஒன்பதா எட்டரையா? அப்புறம் கனம். அரைக் கிலோ ரப்பர் இரையைக்கூட எறியற மாதிரி ஒரு மாடல் இருக்கு, கொஞ்சம் லேசா இன்னொண்ணு இருக்கு. நுனி எப்படி இருக்கணும்? கைப்பிடி எவ்ளோ நீளம்? நீ உன் ராடைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரீலைச் சுத்துவியே, அதுக்கு ஏத்த மாதிரி வேணும்ல.

சீக்கிரம் எழுது. இன்னும் ரெண்டு வாரத்துல வந்துடும், நான் அளவைச் சொல்லணும்.

டெல்லா

*

மே 19
ஹார்லன் பீக்

டெல்லா,

எனக்கென்றால் ஒன்பது. உனக்கென்றால் எட்டரை. ஐந்தடி ஒரு அங்குலம் இருக்கிறாய். ஒன்பதடியைப் பிடித்தால் நுனி தண்ணீரைத் தேடிக்கொண்டே போகும்.

லேசான மாடலே போதும். டாமரக்கில் யாரும் அரைக் கிலோ ரப்பரை நாள் முழுக்க வீசுவதில்லை. மான் வால் முடி கட்டிய சுழல் இரைதான் அங்கே வேலை செய்யும். நுனி கொஞ்சம் வளைய வேண்டும். படகோரத்தில் எட்டு போடும்போது நூல் ஒரு முழம்தான் வெளியே இருக்கும். அந்த நேரத்தில் மீன் கடித்தால் வளைந்துகொடுக்க வேறு எதுவும் கிடையாது, ராடுதான். விறைத்த நுனி கொக்கியைப் பிடுங்கிவிடும். கைப்பிடி, ரீலிலிருந்து முழங்கை வரை. அதற்கு மேல் வேண்டாம், சட்டையில் மாட்டும்.

இன்னொன்று. உன்னிடம் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இங்கே என் பெயர் குச்சி. எல்லோருக்கும். என்ஜின் அறையிலிருந்து மேல்தளம் வரை. மார்ச் கடைசியில் கப்பல் ஏறிய முதல் சனிக்கிழமை, மாட்டிறைச்சி ஸ்டேக் போடுகிற நாள், சமையல்காரன் ஓர்வில் தட்டை வைத்துவிட்டுப் போனை நீட்டினான். "காஸ், இது நீயா பாரு, தொப்பி உன்னுது மாதிரியே இருக்கு." மீனைப் படகோரத்தில் வைத்துக்கொண்டு ராடை வானத்துக்குத் தூக்குகிறேன். ராடு ஒடிகிறது. மீன் போகிறது. நான் துண்டுக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதை நீ மூன்று தடவை மெதுவாக ஓடவிட்டிருக்கிறாய். மேசை முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று ஓர்வில் படித்துக் காட்டினான்.

மீன் போனது எனக்குப் பிரச்சினை இல்லை. ராடு போனதும் இல்லை. ராடை நேராகத் தூக்கினால் ஒடியும் என்று உனக்குச் சொன்னவனே நான்தான்.

ஒரு கேள்வி. மின்னோ விற்கிற சம்பளத்தில் இந்த மாதிரி ராடு வராது. எங்கிருந்து வருகிறது?

காஸ்

*

மே 29
டாமரக்

காஸ் அண்ணா,

மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். இது நாலாவது.

ராடு ஒரு கம்பெனி அனுப்பினது. சும்மா. அந்த வீடியோவைப் பாத்துட்டுத்தான் அனுப்பினாங்க. "ராடு ஒடையாம இருக்கணும்னா" அப்படின்னு ஆரம்பிச்சு, உன் வீடியோவை முதல்ல போட்டு, அதுக்கப்புறம் அவங்க ராடைப் பத்தி நான் பேசணும். ஒரு வருஷத்துக்கு வீடியோ சேனல்ல இருக்கணும். அதான் ஒப்பந்தம். நீ கேட்ட அளவையே சொன்னேன். ஒன்பதடி, லேசு, நுனி வளையறது. ரெண்டே நாள்ல வந்துச்சு.

உனக்குக் குடுத்தா சமாதானம் ஆயிடும்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். இப்போ எழுதும்போதுதான் எவ்ளோ கேவலமா இருக்குன்னு தெரியுது.

கப்பல்ல பாப்பாங்கன்னு நெனக்கல. மூஞ்சி சரியாத் தெரியாதுன்னு நெனச்சேன். தொப்பியை மறந்துட்டேன்.

ஆனா நீயும் ஒண்ணு கேட்டுக்க. ஆறு வருஷமா உன்கூட வர்றேன். ஆறு வருஷமா வலை நான்தான். மீன் நிக்கற பாசி ஓரம் வந்தா நீ எறிவ, வெறும் தண்ணி வந்தா "இப்போ நீ எறி"ம்ப. அன்னிக்கும் நான் முதல்ல வலையைத்தான் எடுத்தேன். நீ என்ன சொன்ன?

"வெச்சிடு. நீ கெடுத்துடுவ. நான் பாத்துக்கறேன்."

அதுக்கப்புறந்தான் போனை எடுத்தேன். கையில வேற என்ன வெச்சுக்கறது?

அந்த எடத்தை வெட்டிட்டுத்தான் வீடியோவைப் போட்டேன். ஏன் வெட்டினேன் தெரியுமா, நீ அப்படிப் பேசினது யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு. அதனால கீழ முன்னூறு பேர் "வலை பிடிக்காம படம் பிடிக்கற முட்டாள் யாரு?"ன்னு எழுதியிருக்காங்க. அதெல்லாம் என்னை. ஒண்ணுக்கும் பதில் போடல.

சனிக்கிழமை சீசன் ஆரம்பம். தனியாப் போனேன். அந்த ராடைத்தான் எடுத்துட்டுப் போனேன். ரொம்ப நல்ல ராடு. மனசே சரியில்ல.

டெல்லா

*

ஜூன் 20
ஹார்லன் பீக்

டெல்லா,

ராடு உன்னுடையது. உன் வேலைக்கு வந்தது. வைத்துக்கொள்.

கப்பல் நலம். ஓர்வில் நலம். கிளீவ்லாந்தில் மூன்று நாள் மழை.

காஸ்

*

ஆகஸ்ட் 14
டாமரக்

காஸ் அண்ணா,

ரெண்டு மாசம் ஆச்சு. நீ கோவத்துல கத்தியிருந்தாக்கூட எழுதறதுக்கு ஏதாவது இருந்திருக்கும். கிளீவ்லாந்து மழைக்கு நான் என்ன பதில் எழுதறது?

வீடியோவை எடுத்துட்டேன். ராடைத் திருப்பி அனுப்பிட்டேன். கம்பெனி ஆளு போன்ல ரொம்ப நேரம் பேசினார். "நாப்பதாயிரம் பேரும்மா"ன்னார். "ஒருத்தர்தான் சார், ஆனா தெரிஞ்சவரு"ன்னேன். அவருக்குப் புரியல, கோவமும் படல. இப்போ என் சேனல்ல அதிகம் ஓடினது மின்னோ தொட்டி கழுவற வீடியோ. இருநூத்தி ஆறு பேர்.

தண்ணி எண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிடுச்சு. இந்தச் சூட்டுல பிடிச்சா, விட்டாலும் மீன் செத்துடும். அதனால யாரும் போறதில்ல. வேற வேலை இல்லாததால ராடு தேடினேன்.

வெர்னா கடையில மேல மாட்டி வெச்சிருந்தாங்களே, சாம்பல் கலர், வர்றவங்க எல்லாம் இழுத்து இழுத்துப் பாக்கற ராடு. அதுவும் டெலஸ்கோப்புதான். எட்டரை அடி. கைப்பிடி கார்க்குல ஒரு பல்லு பட்ட மாதிரி பள்ளம்.

"இது யார் கடிச்சது?"

"டாக்டரோட நாய். உனக்கு வேணுமா?"

"மூட்டு எப்படி இருக்கு?"

"ரெண்டு வருஷமா ஊரே இழுத்திருக்கு. நீயே பாரு."

பாத்தேன். இழுத்து, கால் திருகு திருகி, நுனியைக் கதவு இடுக்குல குடுத்து, எட்டு போடற மாதிரி ஆட்டினேன். வளையம் அரை நூல் அளவுக்குத் திரும்புச்சு. மூட்டைத் தொடச்சுட்டு மெழுகு தேய்ச்சேன். மறுபடி ஆட்டினேன். திரும்பல. நுனி வளையுது. கைப்பிடி ரீல்லேருந்து என் முழங்கை வரைக்கும் சரியா இருக்கு. இன்னொண்ணு சுவத்துல இருந்துச்சு, ஒன்பதடி, புதுசு, செம பளபளப்பு. அதைக் கையில எடுக்கவே இல்ல. எட்டரையை எடுத்தேன். அதுக்கு விலையா, செப்டம்பர்ல வர்ற தொழிலாளர் தின வார விடுமுறை வரைக்கும் ஞாயித்துக்கிழமையெல்லாம் தொட்டி கழுவறேன்னு பேச்சு.

அண்ணா, தெளிவாச் சொல்லிடறேன். இது உனக்கு இல்ல. இது என் ராடு.

அதனால எனக்கு வலை பிடிக்க ஒரு ஆள் வேணும். அக்டோபர்ல. டாமரக்ல. தனியா வலையும் ராடும் பிடிச்சா என்ன ஆகும்னு நாம ரெண்டு பேருமே பாத்திருக்கோம்.

யோசிச்சு எழுது.

டெல்லா

*

செப்டம்பர் 3
ஹார்லன் பீக்

டெல்லா,

ஓர்வில் போன வாரம் புதிதாக ஏறிய ஒரு பையனுக்குக் காட்டுவதற்காகப் போனைத் தேடினான். கிடைக்கவில்லை. "குச்சி, உன் படத்தைத் தூக்கிட்டாங்கடா" என்றான். அப்போதே தெரிந்துவிட்டது. உன் கடிதம் அதற்கு மறுநாள் வாளியில் வந்தது.

"நீ கெடுத்துடுவ" என்று சொன்னேன். ஞாபகம் இருக்கிறது. உன் மே மாதக் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே ஞாபகம் இருந்தது. படகிலிருந்து இறங்குவதற்கு முன்பே இருந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க அதை நினைக்காமல் உன்மேல் கோபமாக இருந்தேன். அதுதான் சுலபமாக இருந்தது. ஜூனில் மூன்று வரிக்கு மேல் எழுத முடியாததற்கும் அதுதான் காரணம்.

நீ வலையோடு நின்றிருந்தால் ராடைத் தூக்கியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. மீனை வட்டமாகச் சுற்றி வரவிட்டு வலைக்குள் இழுத்திருக்கலாம். ஐம்பது அங்குல மீன் என்று கண்டதும் யார் கையும் அதன்மேல் படக் கூடாது என்று தோன்றியது. அவ்வளவுதான் விஷயம். இதைவிடப் பெரிதாக வேறு எதுவும் இல்லை.

பாசி ஓரத்தைப் பற்றி நீ சொன்னதும் உண்மை.

அக்டோபர் 16 முதல் எனக்கு ஒரு வாரம் விடுப்பு. பெரிய வலை அம்மா வீட்டு நிலவறையில் இருக்கிறது. எலி கடித்திருக்கிறதா என்று பார். மெழுகுவத்தியை மறக்காதே.

ஓர்வில் கேட்டான்: "மறுபடியும் மீன் பிடிக்கப் போறியா குச்சி?" இல்லை, வலை பிடிக்கப் போகிறேன் என்றேன். "ஐயோ பாவம், அவ்ளோ தூரம் எறங்கிட்டியா" என்றான்.

காஸ்

*

செப்டம்பர் 21
டாமரக்

காஸ் அண்ணா,

நிபந்தனைகள்:

பாசி ஓரம் என்னுது. வெறும் தண்ணி வந்தா நீ எறியலாம், கடையில இருக்கற வாடகை ராடு ஒண்ணு எடுத்துத் தர்றேன். "மணிக்கட்டை மடக்கு", "இன்னும் ஆழமா", "அங்க எறியாத" இதெல்லாம் கூடாது. மூட்டைப் பத்தி மட்டும் பேசலாம், ஏன்னா அதை நான் மறந்துடுவேன். படகுல வாழைப்பழம் கூடாது, அது இருந்தா மீன் தங்காதுன்னு எல்லாருக்கும் தெரியும், போன வருஷம் நீதான் கொண்டுவந்த, அதை யாரும் பேசவே மாட்டேங்கறோம்.

வலையை எலி கடிக்கல. ரெண்டு எடத்துல முடிச்சு தளர்ந்திருந்துச்சு, கட்டிட்டேன்.

பதினாறாம் தேதி சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன். கார் கண்ணாடி ஏத்தித்தான் இருக்கும்.

டெல்லா

*

நவம்பர் 5
ஹார்லன் பீக்

டெல்லா,

டலுத் துறைமுகத்தில் கப்பல் ஏறி பத்து நாள் ஆகிறது. கை இன்னும் வலிக்கிறது, ராடைப் பிடிக்காமலே.

ஓர்வில் முதல் நாளே கேட்டான். எப்படி நடந்தது என்று அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு எங்கேயும் இது இல்லை என்பதால்.

நான்கு நாள் ஒன்றுமே இல்லை. முதல் நாள் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள் நீ தெற்கு முனையில் ஆழம் குறைந்த இடத்தில் எறிந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன். அரை மணிக்கு ஒரு தடவை "மூட்டு" என்றேன். நான்காம் நாள் நீ "மூட்டு, தெரியும், தெரியும்" என்று எனக்கு முன்பே சொல்ல ஆரம்பித்தாய்.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. தூறல். கார் நிறுத்துகிற இடத்தில் போனைச் சீட்டுக்கடியில் வைத்துப் பூட்டினாய். நான் கேட்கவில்லை. மீனை அளக்கிற பலகையும் கூடவே உள்ளே மாட்டிக்கொண்டது, அது நம் இருவருக்கும் தண்ணீரில் போன பிறகுதான் தெரிந்தது.

மதியம் மூன்று மணி இருக்கும். குளிரில் விரல் மடங்கவில்லை. "இதுதான் கடைசி" என்று எறிந்தாய். இரை வெறுமையாகத்தான் வந்தது. பின்னால் ஒன்றும் தெரியவில்லை. கடைசி வீச்சு, குளிர், ஒன்றும் தெரியவில்லை என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இரையைத் தூக்கிவிடுவார்கள். நானும் தூக்கியிருப்பேன். நீ நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி எட்டு போட்டாய். ஒன்று. இரண்டு. மூன்றாவது வளைவில் அது அடியிலிருந்து வந்தது.

நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். "வலை."

கத்தவில்லை. கடையில் பென்சில் கேட்பதுபோல் கேட்டாய்.

ராடு பாதி வரை வளைந்தது. வளையங்கள் நேராக நின்றன. நீ அதைத் தூக்கவில்லை, பக்கவாட்டிலேயே வைத்திருந்தாய். மீன் படகுக்கடியில் ஒரு தடவை போனது, முழங்காலிட்டு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு அதைச் சுற்றி வரவிட்டாய். இரண்டாம் தடவை வலைக்கு நேராக வந்தது. நான் செய்ததெல்லாம் வலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருந்ததுதான். அது எவ்வளவு கஷ்டம் என்று ஆறு வருஷம் எனக்குத் தெரியாது.

வலையைத் தண்ணீரிலேயே வைத்து, கம்பிவெட்டியால் இரண்டு கொக்கியை வெட்டினோம். பலகை இல்லாததால் ராடையே பக்கத்தில் வைத்தேன். மூக்கு கைப்பிடி அடியில். வால் நுனி எங்கே நின்றதோ அங்கே கட்டைவிரல் நகத்தை வைத்தேன், நீ வலையைச் சாய்த்தாய், அது ஒரு தடவை வாலை அடித்துவிட்டுப் போனது. அதுவரை நான் நகத்தை எடுக்கவில்லை. கரை வரைக்கும் எடுக்கவில்லை. நீ ஒற்றைக் கையால் மோட்டாரை ஓட்டினாய்.

அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த கறுப்பு நூலை அந்த இடத்தில் சுற்றி, நகப்பூச்சு தடவினேன். நாற்பத்தைந்து அங்குலம். ஐம்பது இல்லை. நாற்பத்தைந்து.

ஓர்வில் முழுதும் கேட்டுவிட்டு, "படம் எங்க?" என்றான்.

"இல்ல."

"படம் இல்லேன்னா மீனும் இல்ல குச்சி."

"சரி, இல்ல."

கொஞ்ச நேரம் கழித்து, தட்டு கழுவிக்கொண்டே, "எத்தனாவது வளைவுல கடிச்சுதுன்னு சொன்ன?" என்றான்.

பனி கரைந்ததும் எனக்கு ஒரு ராடு வேண்டும். ஒன்பதடி. எது என்று நீயே பார்த்து எடு. நான் தலையிட மாட்டேன். நுனி மட்டும் வளைய வேண்டும்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுது. வாளியில் எனக்கு வேறு எதுவும் வருவதில்லை.

காஸ்

*

நவம்பர் 18
டாமரக்

காஸ் அண்ணா,

"நான் தலையிட மாட்டேன். நுனி மட்டும் வளைய வேண்டும்." இதை வெர்னா கல்லாப் பெட்டி மேல ஒட்டி வெச்சிருக்காங்க.

ஏரி ஓரமெல்லாம் உறைஞ்சுடுச்சு. படகைக் கவுத்துப் போட்டாச்சு. மன்றத்துல ஒருத்தர் "இந்த வருஷம் யாரு யாருக்கு என்ன மாட்டுச்சு"ன்னு கேட்டிருந்தார். நூத்தி முப்பது பேர் படம் போட்டிருக்காங்க. நான் எழுத ஆரம்பிச்சு, நாப்பத்தஞ்சு அங்குலம்னு அடிச்சுட்டு, அப்புறம் அழிச்சுட்டேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு நாள் கஷ்டமா இருந்துச்சு.

நேத்து கடைக்கு ஒருத்தர் வந்தார். மாடிசன்லேருந்து. டெலஸ்கோப் ராடெல்லாம் நிஜ மஸ்கிக்குத் தாங்குமா, சும்மா விளம்பரமான்னு கேட்டார். பேசிப் புரிய வைக்கறதைவிடக் காட்டிடலாம்னு, உள்ள இருந்த என் ராடை எடுத்துட்டு வந்தேன். மூடியிருந்துச்சு. சாதா ராடு மாதிரிதான் இருந்துச்சு. இழுத்தேன். கால் திருகு. கண்ணுக்கு நேராப் பிடிச்சு வளையத்தைப் பாத்தேன்.

அவர் கைப்பிடிக்கு மேல விரலை வெச்சார். "இது என்ன கறுப்பா ஒரு கோடு? விரிசலா?"

"இல்ல சார். எங்கண்ணன் வலை பிடிச்சப்போ வால் அங்க இருந்துச்சு."

அவர் குனிஞ்சு அடியிலேருந்து கோடு வரைக்கும் கையால ஜாண் போட்டுப் பாத்தார். "படம் இருக்கா?"

"இல்ல."

என்னைப் பாத்தார். நான் ராடைத் திருகி உள்ள தள்ளினேன். கோடு கைப்பிடிக்குள்ள போயிடுச்சு.

அவர் கடைசியில எட்டு மடிப்பு ராடுதான் வாங்கிட்டுப் போனார்.

உனக்கு மூணு ஒன்பதடி பாத்து வெச்சிருக்கேன். அடுத்த லெட்டர்ல இல்ல, இன்னிக்கு ராத்திரி சாப்பிட்டதும் போன் பண்ணு, ஒவ்வொண்ணா சொல்றேன்.

டெல்லா